ஆறாம் எண் வார்டும் அதன் காவலாளும்

ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ் 1892ஆம் ஆண்டில் எழுதி, அவ்வாண்டு நவம்பரில் 'ருஸ்கயா மீஸ்ல்' என்னும் மாத இதழில் வெளியிட்ட கதை 'ஆறாம் எண் வார்டு'. சிறுகதை என்பதற்கு நீளம் அதிகம். நாவல் என்பதற்குக் குறைவு. இக்கதையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே சொல்லில் அதனை முடித்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வார்டுதான் ஜார் மன்னர் ஆண்ட ருஷ்யா என்பர். அத்துடன் புத்தகத்தை மூடிவிடுவர். இளைஞராயிருந்த லெனின் சமாரா நகரில் இக்கதையைப் படித்துவிட்டு, தாமே அவ்வார்டினுள் பூட்டப்பட்டாற்போல் உணர்ந்ததாகத் தம் சகோதரியிடம் கூறினார் என்று அச்சகோதரியே நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் புகழ்பெற்ற செய்தியும் இவ்விளக்கத்துக்குத் துணையாக வந்து நின்றுவிடுகிறது.

இவ்விளக்கத்தை நாம் மறுக்க வரவில்லை. எனினும் வார்டை நாட்டுக்கு உருவகமாக்கிவிட்டால், அங்கே உண்மையாகவே அடிபட்டுக் கிடக்கும் ஐந்து பித்தர்களும் உருவகமாகிவிடுகின்றனர். உருவகத்துக்கு முதுகு வலிக்காது. செகாவோ மருத்துவர், முதுகு வலியை அறிந்தவர். ஆகவே இக்கதையை அதன் முதற்பொருளிலேயே, அதாவது ஒரு மனநோய் வார்டில் யார் யாரை ஆள்கின்றனர், எவ்வாறு ஆள்கின்றனர் என்னும் பொருளிலேயே படித்துப் பார்க்க விழைகிறோம்.

முதலில் இடம். மருத்துவமனை முற்றத்தில் முட்செடியும் காஞ்சொறியும் காட்டுக் கஞ்சாவும் மண்டிய புறமனை. கூரை துருப்பிடித்தது, புகைபோக்கி பாதி இடிந்தது. பின்புறம் வயலை நோக்கி ஒரு சாம்பல் நிற வேலி. அதன் மேல் ஆணிகள், கூர்முனை வானத்தை நோக்க. நுழைந்தவுடன் பழைய மெத்தை, கிழிந்த அங்கி, தேய்ந்த செருப்பு எனக் குப்பைக் குவியல். அக்குவியலின் மீது வாயில் புகைக்குழாயுடன் படுத்திருக்கிறான் நிக்கீத்தா. இவன் பட்டாளத்திலிருந்து விலகிய முதியவன், வார்டின் காவலாள். உள்ளே சன்னல்களுக்கு இரும்புக் கம்பி. கட்டில்கள் தரையோடு திருகாணியால் முடுக்கப்பட்டவை. நீல அங்கியும் இரவுக் குல்லாவும் அணிந்து ஐவர் அவற்றில் இருக்கின்றனர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாவிதன் வருவான். அவனைத் தவிர எட்டிப் பார்ப்பார் எவருமில்லை.

இத்தனையும் முதல் ஓரிரு பக்கங்களில் வந்துவிடுகின்றன. ஆசிரியர் குரலை உயர்த்தவேயில்லை. நிக்கீத்தாவைக் கொடியவன் என்று ஏசவுமில்லை. எளிய மனத்தினன், கடமை தவறாதவன், உலகில் எல்லாவற்றையும்விட ஒழுங்கை நேசிப்பவன், ஆதலின் நோயாளிகளை அடித்தே ஆகவேண்டும் என்று உறுதியாக நம்புபவன் என்றே அவனை நமக்கு அறிமுகம் செய்கிறார். முகத்திலும் அடிப்பான், மார்பிலும் அடிப்பான், முதுகிலும் அடிப்பான். அடிக்காவிட்டால் இங்கே ஒழுங்கு நில்லாது என்பது அவனது துணிபு. இவ்வாறு எண்ணும் மனிதரை நாம் ருஷ்யாவில்தான் தேடவேண்டும் என்பதில்லை. பிரம்பு வைத்திருந்த எந்தப் பள்ளியிலும் கண்டிருக்கலாம்.

நிக்கீத்தாவுக்கு இவ்வதிகாரத்தை வழங்கியவர் யார்? எந்த ஆணையிலும் அது எழுதப்படவில்லை. இவ்வினாவுக்கு விடை காண டாக்டரிடம் செல்லவேண்டும்.

அந்திரேய் எஃபீமிச் ராகின் என்னும் அந்த டாக்டர் மென்மையான மனிதர். இளமையில் சமயக் கல்விக் கழகத்தில் சேர விரும்பினார்; தந்தை தடுத்து மருத்துவம் படிக்க வைத்தார். இவ்வூருக்கு வந்து மருத்துவமனையைப் பார்வையிட்டபோதே அது மக்களின் உடல்நலத்துக்குக் கேடு செய்யும் நிலையம் என்று கண்டுகொண்டார். அறுவைப் பகுதி முழுமைக்கும் இரண்டே கத்திகள். உடற்சூடு பார்க்கும் கருவி ஒன்றுகூட இல்லை. குளிக்கும் தொட்டிகளில் உருளைக்கிழங்கு சேமித்திருந்தனர். ஆனால் அவருக்கு ஆணையிடத் தெரியாது, தடுக்கத் தெரியாது, வற்புறுத்தத் தெரியாது. தம் வீட்டுச் சமையற்காரியிடம் தேநீர் கேட்பதற்கே தயங்குவார். பொய்க் கணக்கு கையொப்பத்துக்கு வந்தால் முகம் சிவக்கும். ஆயினும் கையொப்பம் இட்டுவிடுவார். சில காலம் உழைத்தார், பின்னர் சலித்தார். அறிக்கையில் 12,000 நோயாளிகளைப் பார்த்ததாக எழுதினால், 12,000 பேரை ஏமாற்றியதாகத்தான் பொருள் என்று தமக்குத் தாமே கணக்கிட்டுக் கொண்டு, வீட்டிலமர்ந்து தத்துவமும் வரலாறும் படித்தார்.

கதையின் உயிர்நிலை இங்கே உள்ளது என்பது நம் கருத்து. கொடுமைக்காரர் ஒருவர் மேலிருந்து ஏவ, கீழிருப்பவன் அடிக்கிறான் என்று எழுதுவது எளிது. அவ்வாறு எழுதிய கதைகளும் பலவுண்டு. செகாவ் காட்டுவது வேறு. ஆணையிட அஞ்சும் நல்ல மனிதர் ஒருவர் தம் இருக்கையை வெறுமையாக விட்டுவிட்டுப் போகிறார். அவ்வெறுமையில் நிக்கீத்தா வந்து படுத்துக்கொள்கிறான். டாக்டரின் மென்மையே காவலாளின் முட்டிக்கு வலுவாகிறது. மருத்துவம் கடந்த 25 ஆண்டுகளில் எவ்வளவோ முன்னேறிவிட்டது, மனநோயாளிக்கு இப்போது முரட்டு அங்கி பூட்டுவதில்லை, தலையில் குளிர்நீர் கொட்டுவதில்லை என்பவற்றையெல்லாம் ராகின் நூல்களில் படித்து அறிந்தே இருக்கிறார். தம் முற்றத்திலுள்ள ஆறாம் எண் வார்டு போன்ற இழிவு, இரயில் பாதையிலிருந்து 200 வெர்ஸ்ட் தொலைவிலுள்ள ஊரில்தான் நிகழக்கூடும் என்றும் சிந்திக்கிறார். சிந்தித்த பின்னர் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்.

ஒருநாள் மொய்சேய்க்கா என்னும் யூதப் பித்தனை வெறுங்காலுடன் பனியீரத்தில் காண்கிறார். 20 ஆண்டுகளுக்கு முன் தன் தொப்பித் தொழிற்கூடம் எரிந்தபோது அறிவு பேதலித்தவன் அவன். எவருக்கும் தீங்கிழைக்காதவன் ஆகையால் அவன் ஒருவனுக்கு மட்டும் தெருவுக்குச் செல்ல அனுமதியுண்டு. கடைத்தெருவில் கையேந்தி ஒரு காசோ, ரொட்டியோ பெற்றுத் திரும்புவான். நிக்கீத்தா வாயிலிலேயே பைகளைப் புரட்டி எல்லாவற்றையும் பறித்துக் கொள்வான். இனி இவனை வெளியே விடுவதில்லை என்று ஆண்டவனைச் சாட்சியாக்கிச் சத்தமிடவும் செய்வான், மறுநாளும் விடுவான். வார்டின் பொருளாதாரம் இது! அம்மொய்சேய்க்காவுக்குக் காலணி கொடுக்கலாமே என்று டாக்டர் தயங்கியபடி சொல்கிறார். மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கிறேன் என்று நிக்கீத்தா விறைப்பாக நின்று பணிவுடன் மறுமொழி கூறுகிறான். அக்காலணி வந்ததாகக் கதையில் எங்கும் குறிப்பில்லை. இந்த மொய்சேய்க்காதான் வார்டில் பிறருக்குத் தண்ணீர் தருபவன். உறங்குவோருக்குப் போர்வை போர்த்துபவன். கைகால் விழுந்த பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கரண்டியால் ஊட்டுபவன். சம்பளம் பெறுவோர் மூவர் செய்யவேண்டிய பணியைச் சம்பளமில்லாப் பித்தன் ஒருவன் செய்து கொண்டிருக்கிறான்.

காலணிக்காக உள்ளே சென்ற அன்றுதான் ராகின், இவான் திமீத்ரிச் குரோமவைச் சந்திக்கிறார். 33 வயதினன், மேற்குடியில் பிறந்தவன், நீதிமன்றத்தில் அமீனாவாகப் பணி புரிந்தவன். இலையுதிர் காலத்து ஒரு காலையில், விலங்கிட்ட கைதிகள் இருவரைத் துப்பாக்கிக் காவலர் நால்வர் இட்டுச் செல்வதைக் கண்டான். தன்னையும் ஒருநாள் இவ்வாறு பிடித்துச் செல்லக்கூடுமே என்னும் அச்சம் அன்று தொடங்கி அவனை உண்டுவிட்டது. என்னை ஏன் இங்கே வைத்திருக்கிறீர் என்று டாக்டரைக் கேட்கிறான் அவன். நீர் நோயாளி என்கிறார் டாக்டர். நோயாளிதான், ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் நூற்றுக்கணக்கான பித்தர்கள் வெளியில் உலவுகின்றனரே, நாங்கள் சிலர் மட்டும் எல்லாருக்கும் பலியாடாக இங்கே கிடப்பதேன் என்று மீண்டும் கேட்கிறான். இதற்கு ராகின் தரும் விடை, அதிகாரத்தில் இருப்போர் தந்த விடைகளிலேயே மிகவும் நேர்மையானதும் மிகவும் கொடியதும் ஆகும். இதில் நீதியும் இல்லை, தருக்கமும் இல்லை. உம்மை அடைத்தார்கள், இருக்கிறீர். அடைக்காதவர் வெளியில் இருக்கிறார். நான் டாக்டர், நீர் நோயாளி என்பது வெறும் தற்செயல் என்கிறார். சிறையும் பித்தர் மனையும் கட்டிவிட்டதால் எவராவது அவற்றில் இருந்துதானே ஆகவேண்டும் என்பது அவர் கொள்கை.

தற்செயல் என்று இனிமையாகச் சொல்லிவிட்டு அவர் எழுந்து வீட்டுக்குப் போகலாம். கேட்டவன் போகமுடியாது.

விமரிசகர் பலர் இவ்வுரையாடல்களை இரு பேரறிவுகளின் சந்திப்பு என்று போற்றுவர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ராகினுக்கு அவ்வூரில் பேச்சுத்துணை இல்லை. இருபது ஆண்டுகளில் முதன்முறையாகப் பேசத்தகுந்த மனிதன் கிடைத்தானென்று மகிழ்ந்து நாள்தோறும் வருகிறார். நல்ல நூலொன்றைத் தேடி நூலகம் செல்பவரைப் போலவே வருகிறார். குரோமவ் முதலில் முகத்தைத் திருப்பிக் கொள்கிறான்; உளவு பார்க்க வந்தீரோ என்கிறான். அதற்கு அவனுக்கு நியாயமுண்டு. பின்னர் அவனும் பேச்சில் இழுபட்டுவிடுகிறான். வலி என்பது வலியைப் பற்றிய எண்ணமே, எண்ணத்தை மாற்றினால் வலி போகும் என்று ராகின் மார்க்கஸ் அவுரேலியஸைத் துணைக்கழைக்கிறார். பீப்பாயில் வாழ்ந்த தியோஜனிஸை எடுத்துக் காட்டுகிறார். அது வெயில் காயும் கிரேக்க நாடு, ஆரஞ்சும் ஒலிவமும் தின்று பீப்பாயில் படுக்கலாம்; இங்கே வந்தால் மே மாதத்திலேயே அறை கேட்பான் என்கிறான் குரோமவ். அதன்பின் அவன் கேட்கும் வினா ஒன்றுண்டு: சிறுவயதில் உம்மை யாரேனும் அடித்ததுண்டா? இல்லை என்கிறார் டாக்டர். என் தந்தை என்னை இரக்கமின்றி அடித்தார் என்கிறான் அவன். வாதம் அங்கே முடிந்துவிட்டது. டாக்டருக்கு மட்டும் அது தெரியவில்லை.

அரபு இலக்கியம் பயின்றவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு நினைவு எழாமலிராது. பித்தன் வாயில் ஞானம் பிறக்கும் கதைகளுக்கு அம்மொழியில் குறைவில்லை. ஹிஜ்ரி 406இல் மறைந்த அபுல் காசிம் அந்நைஸாபூரி அத்தகைய செய்திகளைத் திரட்டி 'உகலாவுல் மஜானீன்', அதாவது அறிவுள்ள பித்தர்கள், என்று பெயரிட்டு ஒரு நூலே ஆக்கினார். கலீஃபா ஹாரூன் ரஷீதின் முகத்துக்கு நேரே உண்மை பேசும் புஹ்லூலை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். இவற்றை நாமும் மாணவர்க்குச் சொல்லியிருக்கிறோம், சுவையான கதைகள். ஆனால் இவ்வகைக் கதைகளில் இன்னொரு காட்சியும் வரும். கட்டுண்டு கிடக்கும் இளைஞன் ஒருவனைக் காண அறிஞர் சிலர் செல்வர். அவன் நெஞ்சுருகக் கவிதை சொல்வான். அறிஞர் அதனைக் குறித்துக்கொண்டு திரும்புவர். கவிதை தொகுப்பில் ஏறிவிடும். அவன் கட்டைப் பற்றித் தொகுப்பாளருக்குக் கவலையிராது. ராகின் அவ்வறிஞர்களின் வழிவந்தவர் என்றே நாம் எண்ணுகிறோம். புஹ்லூலுக்கு வாய்த்த பேச்சுரிமை குரோமவுக்கு இல்லை; அவன் கூறும் உண்மை எதற்கும் எவரும் மறுமொழி சொல்லக் கடமைப்படவில்லை.

மருத்துவமனைகளைக் கட்டுவதில் முஸ்லிம் உலகம் முந்தியது என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். உண்மையே. திமிஷ்கில் நூருத்தீன் கட்டியது 1154இல். கெய்ரோவில் மன்னர் கலாவூன் எழுப்பியது 1284இல் தொடங்கிற்று. அங்கே பித்தர்க்குத் தனி இடமும் உண்டு. ஆயினும் மொழியே ஒரு சாட்சி கூறுகிறது. நோயாளர் இல்லம் என்னும் பொருளுடைய 'பீமாரிஸ்தான்' என்ற பாரசீகச் சொல் எகிப்தியர் நாவில் 'மாரிஸ்தான்' எனக் குறுகி, நாளடைவில் பித்தர் மனையை மட்டுமே குறிக்கலாயிற்று. 1836இல் வெளிவந்த தம் நூலில் எட்வர்ட் லேன், அதே கலாவூன் மாரிஸ்தானில் பித்தர் சங்கிலியிட்டுக் கிடந்ததை எழுதி வைத்திருக்கிறார். கட்டியவரின் பெயரைக் கல்வெட்டு காக்கும். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அதன் வாயிலில் யார் படுத்திருந்தான் என்பதைக் கல்வெட்டு கூறாது.

கதைக்கு மீள்வோம். டாக்டர் பித்தனோடு நாள்தோறும் பேசுகிறார் என்ற செய்தி பரவுகிறது. ஊர்ப் பெரியோர் கூடி அவரிடம் இன்று என்ன தேதி, ஆண்டுக்கு எத்தனை நாள் என்று வினவுகின்றனர். ஆறாம் எண் வார்டில் தீர்க்கதரிசி ஒருவர் இருக்கிறாராமே என்றும் கேட்கின்றனர். அப்போதுதான் அது தம் அறிவைச் சோதிக்கும் குழு என்பது அவருக்கு விளங்குகிறது. பதவி பறிபோகிறது, இளைய டாக்டர் ஹோபத்தவ் அவ்விடத்துக்கு வருகிறார். நண்பரான அஞ்சலகத் தலைவர் மிகயீல் அவெரியானிச், அன்பின் பெயரால் அவரைப் பயணம் இழுத்துச் சென்று, வார்சாவில் சூதாடி, அவரிடமிருந்து 500 ரூபிள் கடனாக வாங்குகிறார். இப்பகுதி சற்று நீண்டுவிட்டது என்பது நம் எண்ணம். ஆயினும் ஒன்றை ஆசிரியர் நுட்பமாகக் காட்டிவிடுகிறார்: பித்தன் என்று ஒருவனைக் குறித்துவிட்ட பின்னர், அவன் எரிந்து விழுந்தால் அது நோய், அமைதியாயிருந்தாலும் நோய், மருந்தை மறுத்தால் அதுவே பெரிய நோய்.

ஒரு நோயாளியைச் சேர்ந்து பார்க்கவேண்டும் என்று அழைத்து, ஹோபத்தவ் ராகினை அவ்வார்டுக்குள் கூட்டி வருகிறார். கருவி எடுத்து வருகிறேன் என்று வெளியேறுபவர் திரும்பவில்லை. நிக்கீத்தா அங்கியும் செருப்பும் கொண்டு வருகிறான். சற்று முன்னர்தான் கொண்டுவந்து போடப்பட்டது போல் தோன்றும் காலிக் கட்டில் ஒன்றைக் காட்டுகிறான். அக்கட்டிலைக் கவனியாமல் கடந்து போவோர் பலர். சோதனைக்கு முன்பே கட்டில் வந்துவிட்டது என்பதை ஆசிரியர் அவ்வொரு சொல்லில் வைத்துவிட்டார். ராகின் உடை மாற்றுகிறார். பழக்கத்தால் கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் தேடுகிறார். அங்கியில் அவை இல்லை. இரவில் வெளியே சற்று உலவ வேண்டுமென்று கேட்கிறார். அனுமதியில்லை என்கிறான் நேற்றுவரை எழுந்து நின்ற நிக்கீத்தா. கதவைத் தட்டியதும் அடி விழுகிறது: முகத்தில் ஒன்று, முதுகில் இரண்டு. பல்லில் இரத்தம் கசிந்து வாய் உப்புக் கரிக்கிறது. இதே வலியை இம்மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் பட்டிருக்கவேண்டும், இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாம் அறியவுமில்லை, அறிய விரும்பவுமில்லை என்பது அப்போது அவருக்கு உறைக்கிறது. மறுநாள் மாலை பக்கவாதத்தால் இறக்கிறார்.

ஃபிக்ஹு நூல் ஓதியோர் இங்கே ஒன்றை நினைவு கூரலாம். பித்தனிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டது. அவன் செயலுக்குக் கேள்வியில்லை. அவன் பொருளுக்குப் பொறுப்பாளர் நியமிக்கப்படுவார். ஆனால் அவன் உடலின் மதிப்பு ஓரணுவும் குறைவதில்லை. அவனைக் கொன்றவனுக்கும் கிஸாஸ் உண்டு. ஒரு பல்லை உடைத்தால் அறிவுள்ளோன் பல்லாயினும் பித்தன் பல்லாயினும் ஈடு ஐந்து ஒட்டகமே. அறிவு போனவனுக்கு வலியும் போயிற்று என்று நிக்கீத்தா நம்புகிறான். ராகினும் வேறு சொற்களில் அதனையே நம்பினார்.

செகாவ் இதனை எங்கிருந்து பெற்றார்? 1890இல் சைபீரியாவைக் கடந்து சகலின் தீவின் தண்டனைக் குடியிருப்புகளுக்குச் சென்றவர் அவர். கைதி ஒருவனுக்கு 90 கசையடி நிறைவேற்றப்பட்டதை அங்கே கண்ணால் கண்டார். அடிக்கு முன் டாக்டர் ஒருவர் அக்கைதியின் நெஞ்சைச் சோதித்து, எத்தனை அடி தாங்குவான் என்று கணித்ததைத் தம் சகலின் நூலில் பதிந்திருக்கிறார். நெஞ்சில் காது வைத்தது நோய் தீர்க்க அன்று. அக்காட்சிக்கும் இக்கதைக்கும் இடையே இரண்டே ஆண்டுகள்.

பின்வந்த வரலாறு இக்கதையை அச்சம் தரும் வகையில் மெய்ப்பித்தது. சோவியத் ஆட்சியில் வலேரி தார்சிஸ் என்னும் எழுத்தாளர் 1962இல் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார்; தம் அனுபவத்தை 'ஏழாம் எண் வார்டு' என்று பெயரிட்டே எழுதினார். 1970இல் உயிரியல் அறிஞர் ஜோரெஸ் மெத்வெதேவ் கலூகாவில் 19 நாள் அடைபட்டார். மாற்றுக் கருத்தையே நோயாகக் காட்டும் வழக்கத்தை உலக மனநல மருத்துவர் கண்டிக்க, சோவியத் மருத்துவர் சங்கம் 1983இல் உலகச் சங்கத்திலிருந்து வெளியேறிற்று. ஆனால் தார்சிஸும் மெத்வெதேவும் அறிவு தெளிந்தவர்கள். அவர்க்கு நேர்ந்தது அநீதி என்று எவரும் எளிதில் சொல்லிவிடலாம். செகாவ் அவ்வெளிய வழியில் செல்லவில்லை. குரோமவ் உண்மையிலேயே நோயாளி; அவனது அச்சம் ஆதாரமற்றது; இதனை ஆசிரியர் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். நோயாளியாகவும் இருக்கிறான், அவன் சொல்வது சரியாகவும் இருக்கிறது. நோயுற்றவனின் முறையீட்டையும் கேட்கத்தான் வேண்டும் என்பது, நோயற்றவனை அடைக்காதே என்பதைவிடக் கடினமான கோரிக்கை.

ஏர்வாடியை எழுதாமல் நம் வாசகர்முன் இக்கதையைப் பேச இயலாது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியுமுன் அங்கே தனியார் மனநோயாளர் இல்லம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் மாண்டனர். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட இயலவில்லை. அவர்களை அங்கே கொண்டுவிட்டோர் பகைவர் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்துள்ளது.

குறை ஒன்றையும் கூறிவிடுவோம். வார்டில் ஒரு குடியானவன் இருக்கிறான்; கொழுத்துத் திரண்டு அசைவற்றுக் கிடப்பவன். நிக்கீத்தா அவனைத்தான் மிகக் கடுமையாக அடிக்கிறான். அவனோ ஒலியும் எழுப்புவதில்லை. செகாவ் அவனை விலங்கு என்றே எழுதிச் சென்றுவிடுகிறார். குரோமவுக்கு வரலாறு உண்டு, மொய்சேய்க்காவுக்கு எரிந்த கடை உண்டு, நட்சத்திரப் பதக்கம் வருமென்று காத்திருக்கும் பழைய அஞ்சலகப் பணியாளுக்கும் ஒரு கனவு உண்டு. இக்குடியானவனுக்குப் பெயர்கூட இல்லை. பேச வல்லவன் அடிபட்டால் மட்டுமே நம் நெஞ்சு அசைகிறதோ என்னும் ஐயம் ஆசிரியர் பேரிலும் எழுகிறது. படிக்கும் நம் பேரிலும் எழுகிறது. டாக்டர் மூன்று அடியில் உணர்ந்துவிட்டு மறுநாள் இறந்து போவதும் நமக்கு நிறைவளிக்கவில்லை. அவர் உயிரோடிருந்து, அவ்வார்டில் அடுத்த கார்காலத்தைக் கழித்திருந்தால் கதை எங்கே சென்றிருக்கும்? நல்லடக்கத்துக்கு அஞ்சலகத் தலைவரும் சமையற்காரி தாரியூஷ்காவும் மட்டுமே வந்தனர் என்று கதை முடிகிறது. அன்றிரவு அக்குடியானவனுக்கு யார் உணவு ஊட்டினார் என்று செகாவ் எழுதவில்லை, மொய்சேய்க்காவாகத்தான் இருக்கவேண்டும்.